மனையில் யார் நிற்பது? தொலைவிலிருந்து கட்டப்படும் ஓய்வு வீடுகள்: ஒரு மதிப்பாய்வு

பிழைப்பு ஓர் ஊரில், ஆசைப்பட்ட வீடு வேறோர் ஊரில் என்றிருப்பவர் முன்னால் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. கடைக்கால் தோண்டும் நாள் முதல் கிரகப்பிரவேசம் வரை அந்த மனையில் தன் இடத்தில் யார் நிற்பது? குடியிருக்கக் கட்டுபவர் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தாவது அன்றாடம் வந்து பார்த்துவிடுவார். ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம் தங்குவதற்காகக் கடலோரத்திலோ மலையிலோ பூர்வீக ஊரிலோ கட்டுபவருக்கு அந்த வழி இல்லை. அங்கே இல்லாதவராக இருப்பதுதான் அவருடைய நிலைமையே.

உறவினர், ஒப்பந்தம், கட்டடக் கலைஞர், தொழிற்சாலை, காமிரா என்று இதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை சொல்லியிருக்கிறது. பெரும்பாலான விடைகள் ஒரே அனுமானத்திலிருந்து கிளம்புகின்றன: உரிமையாளர் இல்லாத இடத்தில் ஏமாற்று நடக்கும், ஆகவே கண்காணிப்பு வேண்டும் என்பது. அனுமானம் தவறில்லை. ஆனால் ஆவணங்களோடு நமக்குக் கிடைக்கும் வீடுகளைப் பார்த்தால், கண்காணிப்பைவிடக் குறைவாகவே பேசப்பட்ட இன்னொரு வேலையும் மனையில் இருந்திருக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவெடுக்கும் வேலை அது.

ஒரு பழைய கடிதம்

கி.மு. 54 செப்டம்பரில் ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ தன் தம்பி குயின்டஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தின் தொடக்கப் பகுதி கிட்டத்தட்ட ஒரு மேற்பார்வை அறிக்கை. தம்பி அப்போது சீசரின் படையில் தளபதியாக கால் (Gaul) நாட்டிலும் பிரிட்டனிலும் இருந்தார். இத்தாலியில் அவருடைய நாட்டுப்புற வீடுகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. அண்ணன் நேரில் போய்ப் பார்க்கிறார். பொறுப்பிலிருந்த டிஃபிலஸ் மந்தமான ஆள். குளியலறைகள், நடைபாதை, பறவைக் கூடம் ஆகியவை இன்னும் முடியவில்லை. நிறுத்திய தூண்கள் செங்குத்தாகவும் இல்லை, ஒன்றுக்கொன்று நேராகவும் இல்லை. அவற்றை இடித்துத்தான் ஆகவேண்டும், தூக்குக்குண்டையும் நூலையும் பிடிக்க அந்த ஆள் என்றைக்காவது கற்றுக்கொள்வான் என்று சிசரோ சலித்துக்கொள்கிறார்.

தூண் கதையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். கடிதத்தில் அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு. குளியல் பகுதியில் வெப்ப அறை அமைந்திருந்த விதத்தால் அதன் சூட்டுக் குழாய் படுக்கையறைகளுக்கு அடியில் வந்துவிட்டது. சிசரோ யாரையும் கேட்காமல் அதை வேறு மூலைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். இன்னோர் இடத்தில், தாழ்வாரத்தில் ஒரு சிறு முற்றம் வேண்டும் என்று தம்பி கடிதம் மூலம் கேட்டிருந்தார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. இருக்கிற இடத்தில் அது சரியாக அமையாது, இப்போதுள்ளபடியே நன்றாக இருக்கிறது என்கிறார்.

டிஃபிலஸ் பணத்தைத் தின்றதாகச் சிசரோ எங்கும் சொல்லவில்லை. சிக்கல் திறமைக் குறைவில் இருந்தது. அதைவிடவும், வரைபடத்தில் தெரியாமல் கட்டும்போது மட்டும் கண்ணில் படுகிற விஷயங்களில் இருந்தது. குயின்டஸுக்குக் கிடைத்தவர் காவல்காரர் மட்டுமல்லர், அவர் சார்பில் 'இது வேண்டாம், அதை அங்கே மாற்று' என்று சொல்லும் துணிச்சலும் உரிமையும் உள்ளவர். அந்த உரிமை எதுவரை செல்லும் என்பதைப் பின்னால் வந்த விடைகளில் பல தொடவே இல்லை.

உறவை நம்புதல்

மிகப் பரவலான விடை உறவுதான். அண்ணன், மைத்துனர், மாமனார், ஊரிலேயே தங்கிவிட்ட நண்பர் என்று யாரோ ஒருவர். தமிழகத்தில் இதன் மிகப் பெரிய சான்று செட்டிநாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று லேவாதேவித் தொழிலில் பரவினார்கள். சம்பாத்தியம் அங்கே, வீடு இங்கே. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலேறி வந்தன. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்ட வீடுகள் காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் எழுந்தன. அவற்றை ஓய்வு வீடு என்பது முழுப் பொருத்தமாகாது. பெண்களும் முதியவர்களும் ஆண்டு முழுதும் அங்கே இருந்தார்கள். ஆனால் பணம் போட்ட ஆண்களில் பலருக்கு அது கல்யாணத்துக்கும் படைப்புக்கும் கணக்குத் தவணை முடிந்து ஊர் திரும்பும் இடைவெளிக்கும் உரிய வீடாகவே இருந்தது.

அமெரிக்க மானிடவியலாளர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல், இந்தச் சமூகத்தின் வணிக நம்பிக்கை கோயில், கொள்வினை கொடுப்பினை, பங்காளி உறவு ஆகியவற்றின் மேல் நின்றதை விரிவாகக் காட்டுகிறது. ரங்கூனில் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி அடுத்தாளாகி முகவரானவர் பொய்க்கணக்கு எழுதினால் சேதி அவர் ஊர்க்கோயிலுக்கு வந்துவிடும். அவர் பிள்ளைக்குப் பெண் கிடைப்பதும் அதைப் பொறுத்தது. கடல் கடந்து கணக்கை ஒப்படைக்கத் தெரிந்த சமூகத்துக்கு வீட்டு வேலையை ஒப்படைப்பது புதிய பழக்கமாக இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். ஊகம்தான். வணிகக் கடிதங்களும் பேரேடுகளும் ஆராயப்பட்ட அளவுக்குக் கொத்தனார் கணக்குகளும் ஆச்சிமார் எடுத்த முடிவுகளும் ஆராயப்படவில்லை. வீட்டில் இருந்தவர்கள் பெண்கள். தட்டோடு எங்கே பதிப்பது, சமையற்கட்டு எந்தப் பக்கம் திறப்பது என்ற முடிவுகளில் எத்தனை அவர்களுடையவை என்பதைக் கட்டடக் கலை நூல்கள் அரிதாகவே கேட்கின்றன.

உறவின் வலிமை நற்பெயரை இழக்கும் அச்சத்தில் இருக்கிறது என்ற கருத்தைப் பொருளாதாரத்தில் பரப்பியவர் அவ்னர் கிரைஃப். 1989, 1993ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அவர் எடுத்துக்கொண்டது பதினோராம் நூற்றாண்டு மக்ரிபி யூத வணிகர்களை. தொலைவிலுள்ள முகவர் ஒருவரை ஏமாற்றினால் குழு முழுதும் அவரைக் கைவிடும், அதனால் நேர்மை தானே விளையும் என்பது வாதம். 2012இல் ஜெரமி எட்வர்ட்ஸும் ஷீலா ஓகில்வியும் இதை மறுத்தார்கள். அதே வணிகர்கள் நீதிமன்றங்களையும் எழுத்து ஒப்பந்தங்களையும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், குழுவாகக் கைவிட்டதற்குச் சான்று மெலிது என்றார்கள். விவாதம் தீரவில்லை. நம் கேள்விக்கு அதிலிருந்து கிடைக்கும் பயன் ஒன்று உண்டு: உறவு தனியாக நின்ற இடம் குறைவு, பக்கத்தில் ஏதோ ஒரு காகிதமும் இருந்திருக்கிறது.

உறவுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அதை ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் நன்றாகக் காட்டுகிறது. 1775இல் அவர் அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனபோது வீட்டை விரிவாக்கும் வேலை பாதியில் இருந்தது. 1781 செப்டம்பர் வரை அவர் வீடு திரும்பவே இல்லை. தூரத்து உறவினரான லண்ட் வாஷிங்டன் வேலையையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டார், கடிதங்கள் போய்வந்தன. 1781 ஏப்ரலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று ஆற்றில் வந்து நின்றது. வீட்டைக் காப்பாற்ற லண்ட் கப்பலுக்கே போய் உணவுப் பொருள்கள் கொடுத்தார். சேதி அறிந்த வாஷிங்டன் மெச்சவில்லை. வீட்டை எரித்துவிட்டார்கள் என்று கேட்டிருந்தால்கூடத் தனக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது என்று கண்டித்து எழுதினார். லண்ட் செய்தது வீட்டுக்கு நல்லது, வீட்டுக்காரரின் பெயருக்குக் கெட்டது. நேர்மையான உறவினருக்கும் இது நேரலாம். தனக்கு எது நல்லதாகப் படுகிறதோ அதைச் செய்வார். அது நமக்கு எது நல்லது என்பதோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. கிழக்குப் பார்த்த சமையலறைதான் வேண்டும் என்று மாமனார் பிடிவாதமாக நின்று சுவரை மாற்றிக் கட்டும் இடத்தில் ஏமாற்று எதுவும் நடப்பதில்லை.

பணம் அனுப்புபவர்கள் இதை உணர்ந்தே இருக்கிறார்கள் என்பதற்குச் சோதனைச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் வட்டாரத்தில் வாழும் எல் சால்வடார் நாட்டவரிடம் நாவா அஷ்ரஃப், டீன் யாங் முதலியோர் நடத்திய களச்சோதனை 2015இல் வெளியானது. சொந்த நாட்டிலுள்ள சேமிப்புக் கணக்கின் மேல் புலம்பெயர்ந்தவருக்கு எவ்வளவு கட்டுப்பாடு தரப்பட்டதோ அவ்வளவுக்குச் சேமிப்பு கூடியது. அதாவது அனுப்புபவரின் விருப்பமும் ஊரிலிருப்பவரின் விருப்பமும் வேறுபடுகின்றன, இரு தரப்புக்கும் அது தெரியும். சேமிப்பில் கண்ட இந்த முடிவை வீட்டுக்கு அப்படியே பொருத்த முடியாது. வங்கிக் கணக்குக்குப் பூட்டுப் போடலாம். செங்கல் சுவருக்கு யாராவது பக்கத்தில் நின்றாக வேண்டும்.

காகிதத்தை நம்புதல்

உறவை நம்பாதவர்கள் எழுத்தை நம்பினார்கள். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் கட்டடக் கலை நூலின் பத்தாம் பகுதி முன்னுரையில் எபேசஸ் நகரத்துப் பழைய சட்டம் ஒன்றைச் சொல்கிறார். பொதுக் கட்டடப் பணியை ஏற்கும் கட்டடக் கலைஞர் செலவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அவர் சொத்து அடமானமாக வைக்கப்படும். சொன்ன தொகைக்குள் முடித்தால் மரியாதை. கால் பங்குவரை கூடினால் அரசு ஏற்கும். அதற்கு மேல் போனால் அவர் சொத்திலிருந்து பிடிக்கப்படும். தனியார் வீடுகளுக்கும் இப்படி ஒரு சட்டம் ரோமில் இருந்தால் தேவலை என்று ஏங்குகிறார். ஆறாம் பகுதி முன்னுரையிலோ, தேர்ச்சியில்லாதவர்கள் கையில் வேலையைக் கொடுப்பதைவிடப் படித்துத் தெரிந்துகொண்டு தாமே கட்டிக்கொள்ளும் குடும்பத் தலைவர்களைப் பாராட்டுகிறார். ஒரே ஆசிரியர் ஒப்பந்தத்தை நம்புகிறார், ஒப்பந்தக்காரரை நம்பவில்லை.

நம் ஊர்களில் எபேசஸ் சட்டத்தின் வாரிசு 'சதுர அடி ரேட்'. மெட்டீரியலோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு, பேஸ்மென்ட் முடிந்ததும் இவ்வளவு, லின்டல் மட்டத்தில் இவ்வளவு, தளம் போட்டதும் இவ்வளவு என்று தவணை. தொலைவிலிருப்பவருக்கு இது கவர்ச்சியானது. சிமென்ட் மூட்டை எண்ண வேண்டாம், கம்பி எடை பார்க்க வேண்டாம். மாற்று வழி லேபர் கான்ட்ராக்ட்: கூலி மட்டும் மேஸ்திரிக்கு, பொருள் நம்முடையது. அதற்கு உள்ளூரில் நம்பிக்கையான ஒருவர் வாரம் ஆறு நாள் வேண்டும்.

எது மேல் என்பதில் பொருளாதார ஆய்வு நேரான பதில் தருவதில்லை, ஆனால் பயனுள்ள ஒரு வேறுபாட்டைத் தருகிறது. பேட்ரிக் பஜாரியும் ஸ்டீவன் தடேலிஸும் 2001இல் முன்வைத்த வாதம் இது: வடிவமைப்பு எளிது, முழுமையாக வரையப்பட்டது என்றால் நிலைத்த விலை ஒப்பந்தம் நல்லது. வடிவமைப்பு சிக்கலாகவும் பாதி முடிவாகாமலும் இருந்தால் ஆன செலவோடு கூலி தரும் முறை நல்லது, ஏனெனில் நடுவில் வரும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுபேரம் நடத்தும் செலவு நிலைத்த விலையின் சிக்கனத்தை விழுங்கிவிடும். ஆலிவர் ஹார்ட்டுக்கு 2016இல் நோபல் பெற்றுத் தந்த 'முழுமையுறா ஒப்பந்தங்கள்' கோட்பாடும் இதே திசையில்தான் பேசுகிறது: வரப்போகும் எல்லாவற்றையும் எந்த ஒப்பந்தமும் எழுதிவிட முடியாது, ஆகவே எழுதாத விஷயத்தில் முடிவு யார் கையில் என்பதே முக்கியம்.

இங்கேதான் தனக்கென்று வடிவமைத்துத் தொலைவில் ஓய்வு வீடு கட்டுபவரின் இக்கட்டு கூர்மையாகிறது. தனித்தன்மையான வீடு வேண்டும் என்பதால் வடிவமைப்பு சிக்கலானது. ஆகவே செலவோடு கூலி முறை பொருந்தும். ஆனால் அவர் தொலைவில் இருப்பதால் கணக்குப் பார்க்க முடியாது. ஆகவே நிலைத்த விலைதான் பாதுகாப்பு. கோட்பாடு அவரை ஒரு பக்கம் இழுக்கிறது, தூரம் மறுபக்கம் இழுக்கிறது. வழக்கமாக அவர் நிலைத்த விலையில் கையெழுத்திட்டு, பிறகு எக்ஸ்ட்ரா வேலை என்ற தலைப்பில் மற்ற முறைக்கும் பணம் கொடுக்கிறார்.

சட்டத்தின் பக்கம் என்ன இருக்கிறது? இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டம் மனைப்பிரிவும் அடுக்ககமும் விற்கும் நிறுவனங்களுக்கானது. தன் மனையில் தனக்காகக் கட்டுபவருக்கும் அவருடைய கான்ட்ராக்டருக்கும் நடுவே வரும் தகராறு பொதுவாக அதற்குள் வராது. வீடு கட்டித் தருதல் 'சேவை' என்று 1993இலேயே நுகர்வோர் சட்டத்தில் ஏறிவிட்டதால் நுகர்வோர் ஆணையம் ஒரு வழி. ஆனால் புகாரோடு சான்றும் வேண்டும். தளத்துக்குள் போன கம்பிக்கு எங்கே சான்று? பவர் பத்திரம் இன்னொரு கருவி. வெளிநாட்டில் எழுதி வாங்கிய பத்திரத்துக்கு அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவர் பத்திரத்தை வைத்தே சொத்து கைமாறியதாகக் கொள்ள முடியாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிர்வாகத்துக்காக உறவினருக்கு உண்மையாகக் கொடுக்கும் பவருக்கு அது தடையில்லை. வெளிநாடு வாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்ட நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. மலையடிவாரத்தில் தோப்போடு ஓய்வு வீடு என்ற கனவில் பாதி இங்கேயே நின்றுவிடும். இமாசலப் பிரதேசத்தின் 1972 நிலச் சட்டத்தின் 118ஆம் பிரிவு இன்னும் கடுமை: விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி அங்கே நிலம் வாங்க முடியாது.

கலைஞரை நம்புதல்

மூன்றாவது விடை தொழில்முறை நிபுணர். உரிமையாளரின் விருப்பத்தை வரைபடமாக்கி, அதே வரைபடத்தைக் கொண்டு கான்ட்ராக்டரைக் கண்காணிப்பவர் அவர். உறவினரின் விசுவாசமும் பொறியாளரின் அறிவும் ஓராளிடம் கிடைக்கும் என்பது இந்த நிலைப்பாட்டின் வாக்குறுதி.

இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற வார இறுதி வீடு இந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்த்தது. பிட்ஸ்பர்க் கடைமுதலாளி எட்கர் காஃப்மனுக்காக ஃபிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த ஃபாலிங்வாட்டர், பென்சில்வேனியாவில் ஓர் அருவியின் மேல் நிற்கிறது. உரிமையாளர் பிட்ஸ்பர்க்கில், கலைஞர் விஸ்கான்சினில், வேலை மில் ரன் என்ற காட்டுப் பகுதியில். ரைட் தன் இளம் மாணவர் பாப் மோஷரை மனைக்கு அனுப்பினார். 1936இல் வேலை நடக்கும்போது, அந்தரத்தில் நீளும் தளங்களுக்கு ரைட் குறித்த கம்பி போதாது என்று காஃப்மன் அமர்த்திய பொறியாளர்கள் சொன்னார்கள். ரைட்டுக்குத் தெரியாமல் கூடுதல் கம்பி சேர்க்கப்பட்டது. தெரிந்ததும் அவர் கொதித்தார், மோஷரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். காலம் சொன்ன தீர்ப்பு பொறியாளர்கள் பக்கம் சாய்ந்தது. தளத்தின் விளிம்பு ஏறத்தாழ ஏழு அங்குலம் தாழ்ந்துபோய், 2002இல் எஃகு வடங்களை இறுக்கி அதை நிலைநிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கூடுதல் கம்பியும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பொறியாளர்கள் பெருமூச்சோடுதான் பேசுகிறார்கள். தொடக்கத்தில் சில பத்தாயிரம் டாலர் என்று பேசிய வீட்டுக்கு விருந்தினர் பகுதியும் சேர்த்துச் சுமார் 1,55,000 டாலர் ஆயிற்று.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மூன்று ஊர்களில் சிதறிக் கிடந்தது, நடுவில் நின்றது முடிவெடுக்கும் உரிமையில்லாத ஓர் இளைஞர்.

தூரத்தின் மேலேயே பழியைப் போடுவதற்கு முன் எதிர்ச்சான்றையும் பார்க்க வேண்டும். மருத்துவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் இல்லினாயில் தன் வார இறுதிக் கண்ணாடி வீட்டைக் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவைக் கொண்டு கட்டினார். இருவரும் சிகாகோவாசிகள், மனைக்குக் காரில் போய்வரும் தூரம்தான், அடிக்கடி சேர்ந்தே போனார்கள். அப்படியும் செலவு எல்லை மீறி 1951இல் ஒருவர் மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தார்கள். மறுபக்கம் ஐலீன் கிரே. 1926 முதல் 1929 வரை தென்பிரான்ஸின் ரோக்புரூன் கடற்கரையில் ஈ-1027 என்ற விடுமுறை வீட்டைக் கட்டியபோது பெரும்பகுதிக் காலம் மனையருகிலேயே தங்கினார். சன்னல் கதவு நகரும் விதம்வரை அந்த வீட்டில் தெரியும் நுணுக்கம் அந்த அருகாமையின் விளைவு என்பதை மறுப்பது கடினம். ஆனால் அவர் வாடிக்கையாளராக அங்கே நிற்கவில்லை, வடிவமைத்தவராக நின்றார். அருகாமை பலன் தருவது முடிவெடுக்கத் தெரிந்தவர் அருகில் இருக்கும்போதுதான் போலும்.

பெட்டியில் வந்த வீடு

தூரத்தையே ஒழித்துவிடலாம் என்பது நான்காவது விடை. வீட்டைத் தொழிற்சாலையில் செய்து மனையில் பூட்டினால் போதும். 1830களில் லண்டன் தச்சர் மேனிங் ஆஸ்திரேலியா செல்பவர்களுக்குக் கழற்றி மாட்டும் குடில்களைக் கப்பலேற்றினார். அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை விலைப்பட்டியல் மூலம் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளை ரயிலில் அனுப்பியது. ஓய்வு வீடுகளில் இதற்குப் புகழ் பெற்ற சான்று ஐன்ஸ்டீனுடையது: கான்ராட் வாக்ஸ்மன் வடிவமைத்த மரவீடு நீஸ்கி நகரத்துத் தொழிற்சாலையில் உருவாகி 1929இல் பெர்லினுக்கருகே காபுத் கிராமத்தில் எழுந்தது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் சிறு கடற்கரைக் குடிலும் கார்சிகாவில் தயாராகி வந்ததுதான்.

இந்த வழியின் குறை அதன் வெற்றிக்குள்ளேயே இருக்கிறது. பெட்டியில் வருவது தரைக்கு மேலுள்ளது மட்டும். சியர்ஸ் பெட்டியில் சிமென்டும் செங்கல்லும் கிடையாது. கடைக்கால் உள்ளூர்க் கொத்தனார் பாடு. களிமண்ணா, பாறையா, ஊற்று எந்த ஆழத்தில் என்ற கேள்விகள் தொழிற்சாலைக்கு எட்டாதவை. இரண்டாவது குறை, எல்லோருக்கும் ஒரே அளவில் செய்தால்தான் விலை குறையும். தன் மனம்போல வேண்டும் என்பவர் அந்தச் சிக்கனத்தை இழக்கிறார்.

கண்ணை அனுப்புதல்

கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த விடை காமிரா. வாட்ஸாப் காணொளி, கம்பத்தில் மாட்டிய கண்காணிப்புக் காமிரா, ட்ரோன், முப்பரிமாண மாதிரி. டொராண்டோவில் இருப்பவர் யாழ்ப்பாணத்தில் சென்ட்ரிங் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இதன் ஆதரவாளர்கள் தூரப் பிரச்சினையே தீர்ந்துவிட்டதாகப் பேசுகிறார்கள். அவ்வளவு தூரம் போக இடமில்லை என்றே தோன்றுகிறது.

வீடு கட்டுவதில் விலைமதிப்புள்ளவை பெரும்பாலும் மறைந்துபோகும் வேலைகள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456இன்படி கடைக்கால் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கவர் வேண்டும். கடலோரக் காற்று படும் கான்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவரும் குறைந்தது எம்30 தரமும் வேண்டும். உப்புக்காற்றில் கவர் குறைந்தால் கம்பி துருவேறிப் பருத்து சில ஆண்டுகளிலேயே கான்கிரீட்டைப் பிளக்கும். அளவுநாடாவைக் கம்பிக்கருகில் பிடித்துக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன் படமெடுக்கச் சொல்லலாம். அதைக் காமிரா காட்டும். கலவையில் தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதைக் காட்டாது. குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமென்ட் என்றால் பத்து நாள் விடாமல் நனைத்தார்களா என்பதைக் காட்டும், ஆனால் பத்து நாளும் யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கனசதுரம் வார்த்து 28ஆம் நாள் உடைத்துப் பார்க்கும் சோதனை எந்தக் காணொளியையும்விட நம்பத்தக்கது. அந்தக் கனசதுரத்தைத் தளத்தின் கலவையிலிருந்துதான் வார்த்தார்களா என்று கேட்டால் மறுபடியும் ஓராள் வேண்டும். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973இல் விளக்கிய 'நம்பிக்கைச் சரக்கு' இதுதான்: வாங்கிய பிறகும் தரம் தெரியாத சேவை.

நேரமும் தடை. காரைக்குடியில் காலை எட்டு மணிக்குத் தளம் போடுகிறார்கள் என்றால் டொராண்டோவில் பருவத்தைப் பொறுத்து முந்தைய நாள் இரவு ஒன்பதரை அல்லது பத்தரை மணி. சிமென்ட் இறுகத் தொடங்குவதற்குள் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அப்போது தூங்கப்போகும் ஒருவரிடம் வருகின்றன. காமிராவின் இன்னொரு பக்கவிளைவு அதிகம் பேசப்படுவதில்லை. எல்லாவற்றையும் பார்க்க முடிகிற உரிமையாளர் எல்லாவற்றையும் தானே முடிவெடுக்க நினைக்கிறார். மனையில் நிற்பவரோ பிறகு பழி வரும் என்று சன்னல் கொக்கிக்குக்கூடப் படம் அனுப்பிக் காத்திருக்கிறார். தூக்குக்குண்டைச் சரிபார்க்கும் சிசரோ கிடைக்கிறார், சூட்டுக் குழாயை மாற்றச் சொல்லும் சிசரோ காணாமற்போகிறார்.

கட்டத்தான் வேண்டுமா?

இன்னொரு மரபு கேள்வியையே எதிர்க்கிறது. ஆளில்லாத வீடுகள் உள்ளூரில் நில விலையை ஏற்றி உள்ளூர்க்காரரை வெளியே தள்ளுகின்றன என்ற வாதம் பிரிட்டனில் 1970களிலிருந்து வலுத்தது. வேல்ஸில் அது ஆங்கிலேயரின் விடுமுறை வீடுகளுக்குத் தீவைக்கும் அளவுக்குப் போனது. சுவிட்சர்லாந்து 2012இல் பொதுவாக்கெடுப்பில் ஒவ்வோர் ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று முடிவுசெய்தது. கேரளத்தில் 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு வீடு ஆளில்லாமல் இருந்தது. வளைகுடாப் பணத்தில் எழுந்தவை அவற்றில் கணிசம் என்பது பொதுவான கருத்து.

மறுபக்கத்து வாதத்தையும் ஒதுக்க முடியாது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்தில் புலம்பெயர்ந்தவர்கள் தவணை தவணையாகக் கட்டும் வீடுகளைச் சாரா லின் லோபஸ் 2015இல் ஆராய்ந்தார். அந்த வீடுகள் திரும்பி வரும் எண்ணத்தின் அறிவிப்பாக நிற்கின்றன, அந்த வேலை உள்ளூரில் கூலியாகப் பிரிகிறது, ஆனால் கட்டியவர்களில் பலர் அதில் வாழ்வதே இல்லை என்ற முரணைக் காட்டினார். நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் யாழ்ப்பாண மாடிவீடுகளுக்கும் இந்த வாசிப்பு பொருந்தும். அங்கே போரில் இடிந்த வீட்டைத் திரும்ப எழுப்புவதன் பொருள் வேறு என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றே பொருத்த வேண்டும்.

எஞ்சுபவை

சான்றுகளின் தன்மை முடிவுகளைக் கட்டுப்படுத்துகிறது. சிசரோவும் வாஷிங்டனும் காஃப்மனும் எழுத்தறிந்த செல்வர்கள், அவர்கள் கடிதங்கள் பாதுகாக்கப்பட்டன. தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே 1806இல் தொடங்கிய எண்கோண ஓய்வில்லம் பாப்லர் ஃபாரஸ்ட் இன்னும் நெருடலானது. அதன் நுண்ணிய தச்சு வேலைகளைச் செய்து, வேலை நிலவரத்தைக் கடிதமாகவும் எழுதிய ஜான் ஹெமிங்ஸ் அவருடைய அடிமை. தொலைவிலிருந்து நன்றாகக் கட்ட முடிந்தது என்று அதைச் சான்று காட்டும்போது, விட்டுப்போக முடியாத தச்சர் ஒருவர் மேல் நின்ற நம்பிக்கை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏமாற்றப்பட்டு வாயடைத்துப் போனவர்களோ கடிதத் தொகுப்பு எதையும் விட்டுச்செல்லவில்லை. ஆகவே 'ஏமாற்றைவிட முடிவெடுக்காமையே பெரிய இழப்பு' என்று இந்தச் சான்றுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது. ஏமாற்று நடக்காத வீடுகளிலும் இழப்பு பெரிதாக இருந்தது, அது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் என்று தெரியாத இடங்களில் குவிந்தது என்ற அளவுக்குச் சொல்லலாம்.

அந்த உரிமையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பது திறந்தே கிடக்கிறது. இவ்வளவு ரூபாய்வரை, இன்ன இன்ன விஷயங்களில் கேட்காமல் முடிவெடுக்கலாம் என்று மனையில் நிற்பவருக்கு எழுதித் தருவது பெருந்திட்டங்களில் வழக்கம். ஒரு மைத்துனரிடம் அப்படி ஒரு காகிதத்தை நீட்ட முடியுமா, நீட்டினால் உறவு என்ன ஆகும் என்பதை ஒப்பந்தக் கோட்பாடு கேட்டுப் பார்க்கவில்லை. உறவு பற்றிய ஆய்வுகளோ கட்டட வேலையின் உள்விவரத்துக்குள் இறங்கவில்லை. நிபுணரும் உறவினரும் ஒரே மனையில் நிற்கும்போது யார் சொல் செல்லும் என்பதற்கு ஃபாலிங்வாட்டர் தரும் பதில் எச்சரிக்கையாக மட்டுமே பயன்படும்.

கிரகப்பிரவேசத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் இன்னும் குறைவாகவே ஆராயப்பட்டுள்ளன. தண்ணீர்த் தொட்டி, கரையான், ஒழுகும் தளம், வரி ரசீது எல்லாம் மறுபடி அதே பதிலாள் தலையில் விழுகின்றன, இந்தமுறை முடிவுநாள் குறிக்கப்படாமல். செட்டிநாட்டில் பர்மாத் தொழில் 1942இல் நொறுங்கிய பின்பு பல வீடுகள் பங்காளிகளிடையே அறை அறையாகப் பிரிந்தன. ஓட்டை மாற்ற வேண்டுமென்றால்கூட இருபது முப்பது பங்குதாரர்கள் இசைய வேண்டிய நிலை வந்தது. சில வீடுகள் பிரிக்கப்பட்டுத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போயின, சில விடுதிகளாகித் தப்பின. கட்டும் காலத்தில் ஒழுங்காக வேலைசெய்த அதே பங்காளி ஏற்பாடு பராமரிப்பில் ஏன் முடங்கியது என்பதை விளக்க, வீடு கட்டிய கணக்கோடு அடுத்த அறுபது ஆண்டுச் செலவுக் கணக்கையும் சேர்த்துப் படிக்கும் ஆய்வு தேவைப்படும்.